நீண்ட தூர சைக்கிள் பயணமும் இதயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து, எட்டு, பன்னிரண்டு மணி நேரம் இறங்காமல் சைக்கிள் ஓட்டுபவர்களின் இதயத்தைப் பற்றி இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பயிற்சியால் மாறிய நல்ல இதயத்தை நோய் என்று நினைத்துப் பயப்படுவது ஒன்று. உண்மையான நோயின் அறிகுறியை ‘பயிற்சிக் களைப்பு’ என்று தள்ளிவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் உயிரைப் பறிக்கும். கீழே உள்ள பதில்கள் இந்த இரண்டையும் பிரித்தறிய உதவும். இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது.

பல மணி நேரம் மிதிக்கும்போது இதயத்துக்குள் என்ன நடக்கிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. பயிற்சி இல்லாதவர் முழு மூச்சாக மிதித்தால் அது 20 லிட்டர் அளவுக்கு உயரும். நன்கு பயிற்சி பெற்ற பந்தய வீரருக்கு 30 லிட்டரைத் தாண்டும், சிலருக்கு 40-ஐயும் நெருங்கும். இருவருடைய அதிகபட்சத் துடிப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம், ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தம் வெளியேறுகிறது என்பதில் இருக்கிறது. சாதாரண இதயம் ஓய்வில் ஒரு துடிப்புக்கு 70 மில்லி தள்ளும். பயிற்சி பெற்ற இதயம் ஓய்விலேயே 100 மில்லியைத் தொடும், உச்ச உழைப்பில் 150 முதல் 200 மில்லி வரை போகும்.

இதற்கான முதல் மாற்றம் இதயத்தில்கூட நடப்பதில்லை, ரத்தத்தில் நடக்கிறது. தொடர்ந்து பயிற்சி செய்த ஓரிரு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு 10 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். அதிக ரத்தம் திரும்பி வருவதால் இதய அறைகள் மெல்ல விரிகின்றன. அறைகள் விரிந்ததற்கு ஏற்பச் சுவரும் கொஞ்சம் தடிக்கிறது. இதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும்.

எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) அறிக்கையில் ‘இடது கீழறை விரிந்துள்ளது’ என்று வந்திருக்கிறது. இது நோயா?

நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு இந்த ஒரு வரியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விளையாட்டு வீரர்களின் இதயம் பெரிதாக இருப்பதை 1899-இலேயே ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷென் பதிவு செய்தார். எக்ஸ்ரேயும் எக்கோவும் கைக்கு எட்டாத காலம் அது. பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டி, ஓசை மாறும் இடத்தை வைத்தே அளந்தார்.

சைக்கிள் வீரர்களுக்கு இன்னும் நேரடியான கணக்கு உண்டு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1995, 1998 ஆண்டுகளில் ஓட்டிய வீரர்களிடம் செய்த 286 எக்கோ பரிசோதனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இடது கீழறையின் விட்டம் 60 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. சாதாரண ஆண்களுக்கு 58 வரைதான் இயல்பு என்று வைத்துக்கொள்கிறோம். அப்படி விரிந்த அறை உள்ளவர்களில் சுமார் 12 சதவீதத்தினருக்கு, அறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கைச் சொல்லும் ‘இஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன்’ 52 சதவீதத்துக்கும் கீழே இருந்தது.

அந்த எண்ணைப் பார்த்ததும் பலருக்கு வயிறு கலங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண இதய அறையில் 120 மில்லி ரத்தம் நிரம்பி, அதில் 60 சதவீதம் வெளியேறினால் 72 மில்லி. விரிந்த அறையில் 180 மில்லி நிரம்பி, 50 சதவீதம் வெளியேறினால் 90 மில்லி. சதவீதம் குறைவு, தள்ளிய ரத்தமோ அதிகம். ஓய்வில் உடலுக்கு அதற்கு மேல் தேவையில்லை, அதனால் இதயம் முழுதாகச் சுருங்குவதில்லை.

நோயால் விரிந்த இதயத்திலிருந்து இதைப் பிரித்தறிய மருத்துவர் நான்கு விஷயங்களைப் பார்ப்பார். உழைக்கும்போது அந்தச் சதவீதம் ஏறுகிறதா என்று சைக்கிளில் வைத்தே எக்கோ எடுப்பது முதலாவது. பயிற்சியால் விரிந்த இதயத்தில் அது தெளிவாக ஏறும், நோயுற்ற இதயத்தில் ஏறாது அல்லது விழும். வலது கீழறையும் மேலறைகளும் சேர்ந்தே விரிந்திருக்கின்றனவா என்பது இரண்டாவது. பயிற்சி எல்லா அறைகளையும் ஒன்றாக விரிக்கும். துடிப்புகளுக்கு இடையே சுவர் நன்றாகத் தளர்கிறதா என்பது மூன்றாவது. குடும்பத்தில் 50 வயதுக்கு முன் திடீரென இறந்தவர்கள் உண்டா என்பது நான்காவது. இந்தக் கேள்விக்கான பதிலைக் கையோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலானோர் மருத்துவர் முன் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

சுவர்த் தடிமன் வேறு விஷயம். விளையாட்டு வீரர்களில் மிகச் சிலருக்கே அது 12 மில்லிமீட்டரைத் தாண்டும். 13 முதல் 15 வரை சந்தேக எல்லை. அறையின் விட்டம் 55-க்கு மேல் இருந்து சுவர் 13 என்றால் பயிற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். அறை 45-க்குக் கீழே சுருங்கியிருந்து சுவர் மட்டும் தடித்திருந்தால் பரம்பரை இதயத் தசைத்தடிப்பு நோயைத் தேடியே ஆக வேண்டும். எக்கோ எடுக்கப் போகும்போது வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டுகளாக ஓட்டுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் எழுதப்படும் அறிக்கைதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

ஓய்வில் துடிப்பு 44 தான் வருகிறது. மிகக் குறைவோ?

நீண்ட நாள் ஓட்டுபவருக்கு 40 முதல் 50 சகஜம், தூக்கத்தில் 30-களுக்கும் இறங்கலாம். தலைசுற்றல், மயக்கம், படி ஏறும்போதும் துடிப்பு ஏறாத நிலை ஆகியவை இல்லை என்றால் கவலை வேண்டாம். ஈசிஜியில் ‘முதல் நிலை ஏவி பிளாக்’, ‘வென்கெபாக்’, ‘முழுமையற்ற வலது கிளைத் தடை’ என்று மின்கடத்தல் தாமதங்கள் வருவதும் பயிற்சி பெற்றவர்களிடம் இயல்பாகவே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஆனால் ஈசிஜியின் இடப்பக்கப் பதிவுகளில் (லீடுகளில்) டி அலை தலைகீழாக இருப்பது பயிற்சியின் விளைவு அல்ல. அதை விசாரிக்காமல் விடக் கூடாது.

இதயத்துக்கு இத்தனை துடிப்பு என்று எண்ணி வைத்திருக்கிறது, ஓட்டி ஓட்டித் தீர்த்துவிடக் கூடாது என்கிறார்களே?

அப்படியே வைத்துக்கொண்டாலும் கணக்கு ஓட்டுபவர் பக்கம்தான் நிற்கிறது. ஓய்வில் 70 துடிக்கும் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 1,00,800 துடிப்பு. தினமும் 2 மணி நேரம் 140 துடிப்பில் ஓட்டி, மீதி 22 மணி நேரம் சராசரி 50-இல் இருப்பவருக்கு 16,800-உம் 66,000-உம் சேர்த்து 82,800. ஒரு நாளைக்கு 18,000 துடிப்பு மிச்சம்.

மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் அதே வேகத்தில் ஓட்டினாலும் துடிப்பு 10, 15 கூடிவிடுகிறது. ஏன்?

வியர்வையில் பிளாஸ்மா குறைகிறது. உடல் சூடாவதால் ரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குத் திருப்பப்படுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைய, ஒரு துடிப்பில் வெளியேறும் அளவும் குறைகிறது. அதே லிட்டரைக் கொடுக்க இதயம் வேகமாகத் துடிக்கிறது. இது இதயம் களைத்ததன் அடையாளம் அல்ல, பெரும்பாலும் நீரும் வெப்பமும்தான் காரணம்.

இதை அளக்கலாம். மிதிக்கும் திறனை வாட் கணக்கில் அளக்கும் பவர் மீட்டர் இருந்தால், சமமான வேகத்தில் ஓட்டிய 3 மணி நேரத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் சராசரி வாட்ஸைச் சராசரித் துடிப்பால் வகுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி 150 வாட், 130 துடிப்பு என்றால் 1.154. இரண்டாம் பாதி அதே 150 வாட், 139 துடிப்பு என்றால் 1.079. சுமார் 6.5 சதவீதச் சரிவு. 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வேகம், அந்த நேரம் உங்கள் உடல் தாங்கும் அளவு. 10-ஐத் தாண்டினால் வேகம் அதிகம், அல்லது தண்ணீர் போதவில்லை, அல்லது அந்த அளவு நேரத்துக்கு இன்னும் தயாராகவில்லை.

தண்ணீருக்குத் தராசுதான் நல்ல வழி. கிளம்பும் முன் சிறுநீர் கழித்துவிட்டுக் குறைந்த உடையில் எடை பாருங்கள். திரும்பியதும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர். உடல் எடையில் 2 சதவீதத்துக்குள் இழப்பு நின்றால் போதும். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம், அதுவும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் தலைவலி, வாந்தி, குழப்பம், கடைசியில் வலிப்பு வரை போகலாம். பெரும்பாலானோருக்கு மணிக்கு 400 முதல் 800 மில்லி போதும். ஒரு லிட்டருக்குக் கால் டீஸ்பூன் உப்பு சேர்த்தால் சுமார் 550 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

துடிப்பு மானிட்டரில் திடீரென 215 காட்டியது. உண்மையா, கருவிக் கோளாறா?

கிளம்பிய முதல் 10 நிமிடத்தில், உடல் இன்னும் சூடாகாதபோது வந்தால் பெரும்பாலும் கருவிதான். மார்பில் கட்டும் செஸ்ட் ஸ்ட்ராப்பின் பட்டைகள் காய்ந்திருக்கும், அல்லது காற்றில் படபடக்கும் சட்டை உரசி நிலைமின்சாரத்தை உண்டாக்கும். பட்டைகளை ஈரப்படுத்திப் போடுங்கள், வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவுங்கள், பேட்டரியை மாற்றுங்கள். மணிக்கட்டுக் கடிகாரத்தின் கோளாறு வேறு மாதிரி. அது சில நேரம் கால் சுற்றும் வேகத்தையோ கைப்பிடியின் அதிர்வையோ துடிப்பு என்று எண்ணிவிடும். நீங்கள் நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்க, துடிப்பும் 90-லேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

உண்மையான மிகைத்துடிப்பு சுவிட்ச் போட்டது போல் வரும். 145-இல் இருந்தது ஓரிரு நொடியில் 200-ஐத் தாண்டும், மிதிப்பதை நிறுத்தினாலும் இறங்காது, பிறகு திடீரென விழும். நெஞ்சில் படபடப்பு, கழுத்தில் துள்ளல், காலில் பலமே இல்லாத உணர்வு கூடவே வரும். அந்த நேரத்தில் கருவியை நம்பாமல் ஓரமாக நின்று, கழுத்தில் இரு விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். எண்ண முடியாத வேகம் என்றாலும், ஒழுங்கற்று விட்டுவிட்டுத் துடித்தாலும் அன்றைய பயணம் அத்தோடு முடிந்தது. அந்தப் பதிவுக் கோப்பை அழித்துவிடாதீர்கள். மருத்துவருக்கு அது ஈசிஜிக்கு அடுத்த சாட்சி.

வலது பக்க இதயம்தான் முதலில் களைக்கும் என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான், இதைப் பற்றி ஓட்டுபவர்களிடையே பேச்சு மிகக் குறைவு. இடது கீழறை ஓய்வில் 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளுகிறது. கடும் உழைப்பில் அது 200 ஆனாலும் இரட்டிப்புக்கும் குறைவு. தடித்த சுவருக்கு அது பெரிய பாரம் இல்லை. வலது கீழறையின் சுவர் மெல்லியது. ஓய்வில் 20, 25 அழுத்தத்துக்குப் பழகியது. பயிற்சி பெற்றவர் பல லிட்டர் ரத்தத்தை நுரையீரல் வழியே தள்ளும்போது அங்கே அழுத்தம் 60-ஐயும் தாண்டும். விகிதப்படி பார்த்தால் பாரம் மொத்தமும் வலது பக்கத்தின் தலையில்தான்.

மாரத்தான், ட்ரையத்லான், மலைச் சாலை சைக்கிள் பந்தயம் என நீண்ட போட்டிகளை முடித்த 40 வீரர்களைப் பரிசோதித்த ஆய்வு 2012-இல் வெளியானது. போட்டி முடிந்த உடனே வலது கீழறை விரிந்து, சுருங்கும் வலு குறைந்திருந்தது. இடது கீழறை அப்படியே இருந்தது. போட்டி எவ்வளவு நீண்டதோ அவ்வளவு குறைவு. ஒரு வாரத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் பல ஆண்டுகளாகப் போட்டியிட்ட சிலருக்கு இரு கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் சிறிய தழும்பு எம்ஆர்ஐயில் தெரிந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஓய்வைப் பற்றியது. ஒரு முழுநாள் பயணத்துக்குப் பின் குறைந்தது 48 மணி நேரம் கடின இன்டர்வல் (விட்டுவிட்டு வேகமாக மிதிக்கும் பயிற்சி) வேண்டாம். 24 மணி நேரத்தைத் தாண்டிய பயணத்துக்குப் பின் ஒரு வாரம் மெதுவாக மட்டும் ஓட்டுங்கள். கால்வலி மூன்றாம் நாளே போய்விடும், இதயத்துக்கு வலி தெரியாது. அதனால்தான் காலைக் கேட்டு முடிவெடுப்பது போதாது.

பயணம் முடிந்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் ட்ரோபோனின் (இதயத் தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் புரதம்) கூடியிருக்கிறது. மாரடைப்பா?

நார்வேயில் ஆண்டுதோறும் நடக்கும் 91 கிலோமீட்டர் மலைச் சைக்கிள் பந்தயத்தில் சுமார் ஆயிரம் பொழுதுபோக்கு ஓட்டுநர்களைப் பரிசோதித்தபோது ஏறக்குறைய எல்லோருக்கும் இந்த அளவு கூடியிருந்தது. நீண்ட உழைப்புக்குப் பின் சில மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, ஓரிரு நாளில் இறங்கிவிடும். எனவே அறிகுறி ஏதும் இல்லாமல் சும்மா எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை, வீண் பயம்தான் மிச்சம். ஆனால் நெஞ்சு இறுக்கமோ, ஈசிஜி மாற்றமோ கூட இருந்தால் ‘ஓட்டினேன், அதனால்தான்’ என்று நீங்களே விளக்கம் சொல்லிக்கொள்ளாதீர்கள். மருத்துவமனையில் சில மணி நேர இடைவெளியில் மறுபடி அளந்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து அவர்கள் முடிவு செய்யட்டும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் தாளம் தப்பித் துடிப்பது) ஓட்டுபவர்களுக்கு அதிகம் வருமா?

பல ஆண்டுகள் கடுமையாகப் பயிற்சி செய்த ஆண்களுக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. நீண்ட தூரப் பயிற்சியின் உண்மையான விலை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வோம்.

ஸ்வீடனின் 90 கிலோமீட்டர் வாசலொப்பெட் பனிச்சறுக்குப் போட்டியை 1989 முதல் 1998 வரை முடித்த 52,755 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதிக முறை முடித்தவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் இந்தத் தாளக்கேடு அதிகம் வந்தது. சுவிட்சர்லாந்தில் 1955 முதல் 1975 வரை டூர் டி சுவிஸ் ஓட்டிய 62 முன்னாள் தொழில்முறை வீரர்களை முதுமையில் பரிசோதித்தபோது, ஒப்பிடப்பட்ட கோல்ஃப் ஆட்டக்காரர்களை விட அவர்களுக்கு இதுவும், துடிப்பைத் தொடங்கி வைக்கும் சைனஸ் கணுவின் பழுதும் அதிகமாக இருந்தன. மிதமாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கோ, சும்மா இருப்பவர்களை விட இந்த நோய் குறைவாகவே வருகிறது. பெண்களிடம் கடும் பயிற்சியால் இது கூடுவதாகத் தெளிவாகத் தெரியவில்லை.

காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இடது மேலறை விரிகிறது. அடிக்கடி இழுபட்ட சுவரில் நுண்ணிய நார்த்தழும்பு உருவாகலாம். ஓய்வில் துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பின் பிடி, மேலறையைத் தாளம் தப்பவும் எளிதாக்குகிறது. இதனால்தான் ஓட்டுபவர்களுக்கு இது உச்சிமேட்டில் மூச்சிரைக்கும்போது வருவதை விட, ஓட்டி முடித்த மாலையிலோ, சாப்பிட்ட பிறகோ, நள்ளிரவிலோ அதிகம் வருகிறது.

அடையாளம்: நாடி ஒழுங்கே இல்லாத ஒழுங்கின்மையோடு துடிக்கும். தட்டு, தட்டு, இடைவெளி, தட்டு-தட்டு-தட்டு என்று எந்த வடிவமும் பிடிபடாது. வழக்கமாக ஏறும் மேட்டில் 40 வாட் குறைவாகத்தான் வரும், துடிப்போ 20 அதிகம் காட்டும். ஈசிஜி எடுக்கும் கடிகாரமோ கருவியோ இருந்தால் அந்த நேரத்திலேயே 30 நொடி பதிவு செய்யுங்கள். மருத்துவமனைக்குப் போவதற்குள் தாளம் சரியாகிவிடுவதால், பதிவு இல்லாமல் மாதக்கணக்கில் அலைபவர்கள் அதிகம்.

பரிசோதனையில் 12 லீட் ஈசிஜி, எக்கோ, ஹோல்டர் (நாள் முழுக்க ஈசிஜி பதியும் கருவி), தைராய்டு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். குறட்டையும் தூக்க மூச்சுத்தடையும் இருக்கிறதா, மது எவ்வளவு என்றும் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள், மது இந்த நோய்க்கு நேரடித் தூண்டுகோல். முதல் சிகிச்சை பெரும்பாலும் சில மாதம் பயிற்சியைக் குறைத்துப் பார்ப்பது. சிலருக்கு அதுவே போதும். தாளம் தப்பக் காரணமான இடங்களைச் செயலிழக்கச் செய்யும் அப்லேஷன் நன்றாகப் பலன் தருகிறது. பக்கவாத அபாயத்தைக் கணக்கிட்டு ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்தால், சாலையில் விழுந்து தலையில் அடிபட்டால் கசிவு பெரிதாகும் என்பதால் கூட்டமாக நெருங்கி ஓட்டுவதையும் வேகமான மலை இறக்கத்தையும் தவிர்க்கச் சொல்வார்கள். தலையில் அடிபட்டால் நன்றாக இருப்பது போல் தெரிந்தாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் ஃபிளெகைனைடு போன்ற மாத்திரை எடுத்தவர், தாளம் திரும்பி மருந்தின் வேகம் தணியும் வரை, மருத்துவர் சொன்ன நேரம் முடிவதற்குள் சைக்கிளில் ஏறக் கூடாது.

தினமும் ஓட்டுகிறேன். ஆனாலும் கால்சியம் ஸ்கோர் அதிகமாக வந்திருக்கிறது. எப்படி?

இந்த ஸ்கோர் அளப்பது இதயத் தமனிகளில் படியும் சுண்ணத்தை. அது நெடுங்கால ஓட்டுநர்களிடம் கூடுதலாகத் தெரிகிறது. 2023-இல் வெளியான பெல்ஜிய ஆய்வும் வாழ்நாள் முழுக்கப் பயிற்சி செய்த ஆண்களின் தமனிகளில் படிவம் அதிகம் என்றே காட்டியது. மறுபக்கம், அமெரிக்காவில் 21,758 ஆண்களைப் பார்த்த 2019 ஆய்வில், மிக அதிகம் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஸ்கோர் 100-ஐத் தாண்டியிருந்தாலும், அதே ஸ்கோர் உள்ள குறைவாக உழைத்தவர்களை விட அவர்களின் இறப்பு விகிதம் கூடவில்லை. ஓட்டுவது படிவத்தைக் கரைத்துவிடும் என்று நம்பிக் கொலஸ்டிரால் மாத்திரையை மறுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. எல்டிஎல் (கெட்ட கொலஸ்டிரால்), ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை என்ற கணக்கு சைக்கிள் ஓட்டுபவருக்கும் அதே கணக்குதான்.

40 வயதுக்கு மேல் நீண்ட பயணம் தொடங்குகிறேன். என்ன பரிசோதனை தேவை?

35 வயதுக்குக் கீழே உழைப்பின்போது நேரும் திடீர் மரணங்களுக்குப் பெரும்பாலும் பிறவி, பரம்பரைக் கோளாறுகள் காரணம். அதற்கு மேல் தமனி அடைப்புதான் முதல் காரணம். எனவே 40-ஐத் தாண்டியவர் ரத்த அழுத்தம், கொலஸ்டிரால், சர்க்கரை, ஓய்வு ஈசிஜி ஆகியவற்றில் தொடங்கலாம். குடும்ப வரலாறோ, புகைப்பழக்கமோ, சர்க்கரை நோயோ இருந்தால் உழைப்பு ஈசிஜியும், தேவைப்பட்டால் கால்சியம் ஸ்கோரும் சேர்க்கச் சொல்வார்கள். ஈசிஜியின் மதிப்பை இத்தாலி காட்டியது. அங்கே 1982 முதல் போட்டி வீரர்களுக்கு ஈசிஜியோடு கூடிய பரிசோதனை கட்டாயம். வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் 2004-க்குள் 89 சதவீதம் குறைந்தது.

உழைப்புப் பரிசோதனை இயல்பு என்று வந்துவிட்டதால் நெஞ்சு இறுக்கத்தைப் புறக்கணிக்கலாம் என்று அர்த்தமில்லை. பெரிய அடைப்பைத்தான் அது காட்டும். உடைந்து உறையக்கூடிய சிறிய படிவத்தைக் காட்டாது.

எந்தத் துடிப்புக்குள் ஓட்டுவது?

220 கழித்தல் வயது என்ற சூத்திரம் ஆளுக்கு ஆள் 10, 15 துடிப்பு பிசகும். 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது சற்று மேல், அதுவும் சராசரிதான். சைக்கிளில் அதிகபட்சத் துடிப்பு ஓட்டத்தை விட 5 முதல் 10 குறைவாகவே வரும். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் நீண்ட பயணத்துக்குச் சரியான வேகம். பேச்சு நாலு வார்த்தைக்கு ஒருமுறை உடைந்தால் நீங்கள் அன்றைய நாளின் கடனை முன்கூட்டியே வாங்குகிறீர்கள்.

பல நாள் பயணத்தில் மூன்றாம் நாள் முதல் துடிப்பு ஏறவே மாட்டேன் என்கிறதே?

எதிர்பார்க்க வேண்டியதுதான். பிளாஸ்மா பெருகியிருக்கும், அட்ரினலினுக்கு இதயம் காட்டும் எதிர்வினை மங்கியிருக்கும். முதல் நாள் 145-இல் வந்த வாட்ஸுக்கு மூன்றாம் நாள் 125 காட்டலாம். துடிப்பைப் பிடிப்பதற்காக இன்னும் அழுத்தி மிதிக்காதீர்கள், உணர்வையும் பவரையும் பாருங்கள். இதற்கு நேர்மாறாக, காலையில் எழுந்ததும் ஓய்வுத் துடிப்பு வழக்கத்தை விட 8, 10 அதிகமாக இருந்தால் நோய்த்தொற்றோ, தூக்கக் குறைவோ இருக்கும். அன்று ஓய்வு எடுங்கள்.

காய்ச்சலோடு ஓட்டலாமா?

கூடாது. மூக்கு ஒழுகல் மட்டும் என்றால் மெதுவாக ஓட்டலாம். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச்சளி எதுவானாலும் சைக்கிளைத் தொடாதீர்கள். வைரஸ் இதயத் தசையை அழற்சியாக்கியிருக்கும்போது கடும் உழைப்பு கொடுத்தால் தாளம் தப்பி உயிர் போகலாம், தப்பினாலும் தழும்பு மிஞ்சலாம். இதயத் தசை அழற்சி உறுதியானால் வழக்கமாக 3 முதல் 6 மாதம் கடும் பயிற்சி தடை. திரும்பும் முன் எக்கோ, ஹோல்டர், உழைப்புப் பரிசோதனை மூன்றும் வேண்டும்.

மேடு ஏறி நின்றதும் கண் இருட்டுகிறது.

மிதிக்கும்போது கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளிக்கொண்டிருந்தன. சட்டென நின்றதும் அது காலிலேயே தேங்கிவிடுகிறது. உச்சியில் நிற்காமல் 5 முதல் 10 நிமிடம் லேசான கியரில் சுற்றுங்கள். மயக்கம் வந்தால் படுத்துக் காலைத் தூக்கி வையுங்கள். இது நின்ற பிறகு வருவது. மிதித்துக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தால் அது முற்றிலும் வேறு விஷயம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

காஃபினும் வலி மாத்திரையும்?

ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் காஃபின் வரை பொதுவாகப் பாதுகாப்பானது. இரவுப் பயணத்தில் ஜெல், மாத்திரை, காப்பி என்று மூன்றிலிருந்தும் ஏறுவதைக் கூட்டிப் பார்க்க மறந்துவிடுகிறோம். படபடப்பு வந்தால் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். ஐபூப்ரோஃபென் வகை மாத்திரையை நீண்ட பயணத்தின் நடுவே போடாதீர்கள். வியர்த்து ரத்தம் குறைந்த நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அது மேலும் குறைக்கும்.

துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுக்கிறேன். ஓட்டலாமா?

மருத்துவர் அனுமதித்தால் ஓட்டலாம். துடிப்பு ஏறாது, அதனால் பழைய துடிப்பு மண்டலங்களை அழித்துவிட்டுப் பேச்சுச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். நீர்மாத்திரையும் சேர்ந்திருந்தால் வெயில் நாளில் அழுத்தம் சட்டென விழும். பயண நாளுக்கென்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்படியானால் எவ்வளவுதான் அதிகம்?

1947 முதல் 2012 வரை டூர் டி பிரான்ஸ் ஓட்டிய 786 பிரெஞ்சு வீரர்களின் இறப்பு விகிதம், அதே வயதுப் பிரெஞ்சு ஆண்களை விட 41 சதவீதம் குறைவாக இருந்தது. உலகின் கொடுமையான உழைப்பைச் செய்தவர்களே இப்படி என்றால், வாரம் 8, 10 மணி நேரம் ஓட்டுபவர் ஆயுள் குறையும் என்று அஞ்சத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது நேரத்தை விடக் கடுமையை. பத்து மணி நேரத்தில் எட்டு பேசிக்கொண்டே ஓட்டுகிற வேகத்தில் போகட்டும், இரண்டுக்கு மேல் மூச்சுமுட்ட வேண்டாம். ஆண்டில் ஒரு மாதமாவது பாதியாகக் குறையுங்கள்.

வழியில் உடன் ஓட்டுபவர் விழுந்து அசையாமல் கிடந்தால்?

அதற்கு முன்பே எச்சரிக்கை வந்திருக்கலாம். நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ இறுக்கம், வேகத்துக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு, மிதிக்கும்போது மயக்கம் எது வந்தாலும் அவரைத் தனியே அனுப்பாதீர்கள், அங்கேயே உட்கார வைத்து உதவிக்கு அழையுங்கள்.

விழுந்தவர் தோளைத் தட்டியும் பதிலளிக்கவில்லை, மூச்சு இல்லை அல்லது விக்கல் போல் எப்போதாவது இழுக்கிறது என்றால் இதயம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு போல் கை கால் வெட்டினாலும் அதுவாக இருக்கலாம். ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும், இன்னொருவர் அருகில் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி இருக்கிறதா என்று தேடட்டும். நீங்கள் மார்பெலும்பின் நடுவில் உள்ளங்கை அடியை வைத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பின் மார்பு முழுதாக மேலெழ விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைத்த கை ஆழமாக அழுத்தாது. ஹெல்மெட்டைக் கழற்றுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஏஇடி வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், ஈர மார்பில் பட்டை ஒட்டாது. கருவி சொல்வதைச் செய்துவிட்டு உடனே மறுபடி அழுத்தத் தொடங்குங்கள்.

ஓட்டுவதை நிறுத்திவிட்டால் இதயம் பழைய அளவுக்குத் திரும்புமா?

சுவர்த் தடிமன் சில மாதங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும். அறையின் விரிவு மெதுவாகத்தான் குறையும். இத்தாலியில் பயிற்சியை விட்ட 40 முன்னணி வீரர்களைச் சராசரியாக ஐந்தரை ஆண்டுக்குப் பின் பார்த்தபோது, ஐந்தில் ஒருவருக்கு அறை இன்னும் விரிந்தே இருந்தது. தடிமனைப் பற்றிச் சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் இதையே சோதனையாகவும் பயன்படுத்துவார்கள். மூன்று மாதம் ஓட்டாமல் இருந்து மறுபடி எக்கோ எடுக்கச் சொல்வார்கள். அந்த மூன்று மாதத்தில் யாருக்கும் தெரியாமல் வாரம் ஒருமுறை ஓட்டினால் பரிசோதனை பாழ்.